ஏணி வேலைக்கும் சட்டம் உண்டு. நம் தாமான்களுக்கு அது எப்போது வரும்?

கட்டுமானத் தளத்தில் கிரேன் சரிந்தால் அது முதல் பக்கச் செய்தி. பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தால் அமைச்சரே நேரில் வருவார். ஆனால் கடைவீட்டின் பெயர்ப்பலகையை மாட்டப் போனவர் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தால், அது அவருடைய குடும்பத்துக்கும் மருத்துவமனைக்கும் மட்டுமே தெரிந்த சங்கதியாக முடிந்துவிடுகிறது.

ஜொகூரில் இன்று கட்டுமான வேலைக்குப் பஞ்சமில்லை. ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கான ஒப்பந்தம் 2025 ஜனவரி 7-ஆம் தேதி கையெழுத்தானது. அந்த மண்டலத்தின் பரப்பு 3,571 சதுர கிலோமீட்டர். புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த் வரை 4 கிலோமீட்டர் தூரத்துக்கு ஆர்டிஎஸ் ரயில் பாதை அமைக்கப்படுகிறது. கூலாய், செடனாக், இஸ்கண்டார் புத்திரி வட்டாரங்களில் தரவு மையங்கள் எழும்புகின்றன. பெரிய கட்டடம் ஒன்று வந்தால் அதைச் சுற்றிக் கடைவீடுகள், வாடகை வீடுகள், பட்டறைகள், உணவகங்கள் என்று நூறு சிறிய வேலைகளும் கூடவே வரும். சாயம் பூசுவது, ஏர்கோன் மாட்டுவது, சிசிடிவி கம்பி இழுப்பது, கூரை ஒழுகலை அடைப்பது, மழைநீர்க் குழாயைச் சுத்தம் செய்வது ஆகிய இந்த வேலைகளில் நம்மவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போன பிறகு மாசாய், பாசீர் கூடாங், தம்போய், ஸ்கூடாய் பக்கம் குடியேறிய குடும்பங்களில், லோரி ஓட்டுநர், பாதுகாவலர் வேலைகளுக்கு அடுத்தபடியாகக் கைத்தொழில் குத்தகைதான் பலருக்குச் சோறு போடுகிறது. அந்தத் தொழிலின் முதல் முதலீடு ஓர் ஏணியும் ஒரு வேனும்.

இந்த ஏணியைச் சட்டம் இதுவரை எப்படிப் பார்த்தது, 2024-க்குப் பிறகு எப்படிப் பார்க்கிறது, அந்தப் பார்வை நம் தாமான்களுக்குள் ஏன் இன்னும் வந்து சேரவில்லை என்பதை இங்கே பார்ப்போம்.

பத்தடி என்ற பழைய கோடு

நம் நாட்டில் நீண்ட காலம் வேலையிடப் பாதுகாப்புக்கு அடிப்படையாக இருந்தது 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம். அதன் கீழ் 1970-இல் வந்த விதிகளில் ஓர் அளவுகோல் இருந்தது. ஒருவர் பத்தடிக்கு மேல் விழக்கூடிய இடத்தில் வேலை செய்தால் அவருடைய பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதே அது. அந்த எண் தொழிலாளர் மனதிலும் மேற்பார்வையாளர் மனதிலும் ஆழப் பதிந்துவிட்டது. பத்தடிக்கு மேலே என்றால் பாதுகாப்பு வார், பாதுகாப்புத் தொப்பி, சாரம் எல்லாம் பேச்சுக்கு வரும். பத்தடிக்குக் கீழே என்றால், "சின்ன வேலைதானே அண்ணே, ஏறி இறங்கிடலாம்" என்ற பேச்சுதான்.

ஏணி வேலையில் பெரும்பகுதி இந்தப் பத்தடிக்குக் கீழேதான் நடக்கிறது. விழுபவரின் உடம்புக்கோ பத்தடிக் கணக்கு தெரியாது. 2 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஆறரை அடியிலிருந்து ஒருவர் விழுந்தால் தரையைத் தொட ஒரு விநாடிகூட ஆகாது, ஏறக்குறைய 0.64 விநாடிதான். தரையில் மோதும்போது அவருடைய வேகம் மணிக்கு 22 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். கையை ஊன்றவோ உடம்பைத் திருப்பவோ அந்த நேரம் போதாது. தலை முதலில் சிமெண்டுத் தரையில் பட்டால் அந்த வேகமே உயிரைப் பறிக்கப் போதும்.

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அமைப்பின் கணக்குப்படி, 2020-இல் மட்டும் ஏணி முதன்மைக் காரணமாக இருந்த வேலையிட மரணங்கள் 161. வேலைக்குப் போக முடியாத அளவுக்குக் காயமடைந்தவர்கள் 22,710 பேர். கருவிகளும் கண்காணிப்பும் மிகுந்த ஒரு நாட்டின் ஓராண்டுக் கணக்கு இது. பிரிட்டன் இந்த உண்மையை முன்பே ஏற்றுக்கொண்டது. அங்கே 2005-இல் வந்த உயர வேலை விதிகளில் குறைந்தபட்ச உயரம் என்று எதுவும் இல்லை. விழுந்தால் காயம் படக்கூடிய எந்த உயரமும் அங்கே 'உயரம்'தான்.

2024 ஜூன் 1 மாற்றியது என்ன?

1991 மே 7-ஆம் தேதி சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்ளர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது நாட்டையே உலுக்கியது. அதற்குப் பிறகு 1994-இல் வந்ததுதான் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், அதாவது அக்தா 514. ஆபத்தை உருவாக்குகிறவரே அதைக் கட்டுப்படுத்தவும் பொறுப்பு என்பது அதன் அடிப்படைக் கருத்து. ஆனால் அட்டவணையில் குறிப்பிடப்பட்ட தொழில்துறைகளுக்கு மட்டுமே அது பொருந்தியது. அபராதத்தின் உச்சவரம்பும் 50,000 ரிங்கிட்டில் நின்றது.

இந்தச் சட்டத்துக்கான திருத்தம் 2022 மார்ச்சில் அரசிதழில் வெளிவந்தது. அப்போது மனிதவள அமைச்சராக இருந்தவர் டத்தோஸ்ரீ எம். சரவணன். அவருக்குப் பின் வி. சிவகுமார் அமைச்சராக இருந்து போய், ஸ்டீவன் சிம் பொறுப்பில் இருந்தபோது 2024 ஜூன் 1-ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் 1967-ஆம் ஆண்டின் பழைய சட்டம் ரத்தானது. திருத்தத்தில் சிறு குத்தகையாளரையும் அவரிடம் வேலை செய்பவரையும் நேரடியாகத் தொடும் அம்சங்கள் ஆறு.

முதலாவது, சட்டத்தின் எல்லை விரிந்தது. வீட்டுப் பணியாளர்கள், ஆயுதப் படையினர், கப்பலில் வேலை செய்வோர் தவிர மற்ற எல்லா வேலையிடங்களுக்கும் இப்போது அது பொருந்தும். இரண்டாவது, முதலாளி தம் கடமையில் தவறினால் விதிக்கக்கூடிய அபராதம் அதிகபட்சம் 500,000 ரிங்கிட் ஆனது. இரண்டு ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். நிறுவனத்தின் பெயருக்குப் பின்னால் இயக்குநர்கள் ஒளிந்துகொள்ள முடியாது. அவர்கள் மீதும் குற்றம் சாட்டலாம்.

மூன்றாவது, வேலை தொடங்கும் முன் ஆபத்தை மதிப்பிடும் கடமை பிரிவு 18பி-யில் எழுத்தில் வந்தது. தொழில் வட்டாரத்தில் 'ஹிராக்' என்று சொல்லப்படுவது இதைத்தான். நான்காவது, ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி, பாதுகாப்பு அதிகாரியை நியமிக்க வேண்டிய பிரிவில் இல்லாவிட்டால், தம் ஊழியர்களில் ஒருவரைப் பாதுகாப்பு, சுகாதார ஒருங்கிணைப்பாளராக நியமிக்க வேண்டும். தவறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும்.

ஐந்தாவது, வேலையைக் கொடுக்கும் தலைமை நிறுவனத்துக்கும் பொறுப்பு வந்தது. வேலை எப்படிச் செய்யப்பட வேண்டும் என்று அந்த நிறுவனம் கட்டளையிட்டால், துணைக் குத்தகையாளரின் ஆட்களும் அதன் பொறுப்பில் சேர்ந்துவிடுவார்கள்.

ஆறாவதுதான் தொழிலாளியின் கையில் கொடுக்கப்பட்ட ஆயுதம். பிரிவு 26ஏ-யின்படி, உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. உடைந்த ஏணியைக் கொடுத்து ஏறச் சொன்னால் "ஏற மாட்டேன்" என்று சொல்ல ஒரு தொழிலாளிக்கு உரிமை இருக்கிறது. நாட்சம்பளத்துக்கு வேலை பார்க்கும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சட்டம் தொழிலாளிக்கும் கடமை வைத்திருக்கிறது. கொடுத்த பாதுகாப்புக் கருவியை அணிய வேண்டும். தன் பாதுகாப்பையும் பிறர் பாதுகாப்பையும் கவனிக்க வேண்டும். இதில் தவறுபவருக்கு 2,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. ஆனால் கொடுக்காத கருவியை யாரும் அணிய முடியாது என்பதை மறந்துவிடக் கூடாது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நியாயம், இந்தப் பக்கம் ஒரு நியாயம்

ஜொகூர்க்காரர்களுக்கு மட்டுமே உள்ள ஓர் அனுபவம் இங்கே கவனிக்கத்தக்கது. விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் நம்மிடையே ஏராளம். அங்கே 2013-ஆம் ஆண்டு முதல் உயர வேலைகளுக்கென்றே தனி விதிமுறைகள் அமலில் உள்ளன. 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய வேலை என்றால் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஏற முடியாது. பயிற்சி எடுத்திருக்க வேண்டும். மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட வேண்டும்.

அப்படியும் 2022-இல் அங்கே வேலையிடங்களில் 46 பேர் இறந்தார்கள். சிங்கப்பூர் அரசு 2022 செப்டம்பர் 1 முதல் 2023 மே 31 வரை 'உயர் பாதுகாப்புக் காலம்' என்று அறிவித்துக் கடுமை காட்டியது. 2023-இல் மரணங்கள் 36-ஆகக் குறைந்தன. 2024-இல் மீண்டும் 43-ஆக ஏறின. கண்காணிப்பை இறுக்கினால் உயிர்கள் மிஞ்சும், தளர்த்தினால் எண்ணிக்கை திரும்ப வரக்கூடும் என்றுதான் இந்த ஏற்ற இறக்கத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது.

வார நாட்களில் சிங்கப்பூரில் இந்த ஒழுங்குக்குப் பழகிய அதே கைகள், ஞாயிற்றுக்கிழமை ஸ்கூடாயிலோ மாசாயிலோ பக்க வேலைக்குப் போகும்போது செருப்புக் காலோடு ஏணி ஏறுகின்றன. திறமையிலும் அறிவிலும் குறை ஒன்றும் இல்லை. இடையில் இருப்பது ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான பாலம். அதைக் கடந்ததும் மாறுவது, 'யாராவது கேட்பார்கள்' என்ற எண்ணம். எனவே சிறு வேலைகளில் விபத்தைக் குறைக்க வேண்டுமானால், கேட்கும் ஆள் யார் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

ஏணி ஏன் நழுவுகிறது?

ஏணி விபத்துகளை 'கவனக்குறைவு' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். அந்தச் சொல் எதையும் விளக்குவதில்லை. ஏணி விழுவதற்குக் கணக்கு இருக்கிறது.

சுவரில் சாய்க்கும் ஏணிக்கு உலகம் முழுவதும் சொல்லப்படுவது நான்குக்கு ஒன்று என்ற விதி. ஏணி சுவரைத் தொடும் இடம் 12 அடி உயரத்தில் இருந்தால், அடிப்பாகம் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்க வேண்டும். இது ஏறக்குறைய 75 பாகைச் சாய்வு. இந்தச் சாய்வில் ஒருவர் உச்சிக்குப் போகும்போது, ஏணியின் கால் பின்னோக்கித் தள்ளப்படும் விசை அவருடைய எடையில் ஏறத்தாழ கால் பங்குதான். ஏணி நீளம் என்பதற்காகவோ, ஐந்தடி வாசற்கூரை குறுக்கே வருகிறது என்பதற்காகவோ அடிப்பாகத்தை 7 அடி தள்ளி வைத்தால், சாய்வு 60 பாகையாகிவிடும். அப்போது காலைத் தள்ளும் விசை எடையில் பாதியைத் தாண்டிவிடும். மழை பெய்து நனைந்த சிமெண்டுத் தரையோ மொசைக்கோ அதைத் தாங்கும் என்று நம்ப முடியாது.

இதில் இன்னொரு பொறி உண்டு. ஆள் மேலே ஏற ஏறத்தான் அந்தத் தள்ளுவிசை கூடுகிறது. கீழிருந்து இரண்டாவது படியில் நின்று ஆட்டிப் பார்த்து, "ஸ்ட்ராங்கா இருக்கு" என்று சொல்லும் பழக்கம் எல்லோரிடமும் இருக்கிறது. அந்தச் சோதனை இரண்டாவது படிக்கு மட்டுமே செல்லும். பத்தாவது படியில் ஏணி வேறு விசையைச் சந்திக்கிறது. இத்தனை நாள் விழாத ஏணி இன்று ஏன் விழுந்தது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுவே விடை.

ஆகவே ஏணியின் தலைப்பகுதியைக் கயிற்றால் கட்ட வேண்டும். அதுவரை கீழே ஓர் ஆள் பிடித்திருக்க வேண்டும். கூரைக்கு ஏறுவதற்காக வைத்த ஏணி, இறங்கும் தளத்துக்கு மேலே ஒரு மீட்டராவது, அதாவது மூன்று படிகளாவது நீண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கூரையிலிருந்து இறங்கும்போது பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது.

ஆங்கில எழுத்து 'ஏ' வடிவில் விரியும் இரட்டை ஏணியின் பகை வேறு வகை. அது பக்கவாட்டில் சாயும். சுவரில் துளை போடும்போது கை கொடுக்கும் அழுத்தம் நம்மையே பின்னால் தள்ளுகிறது. ஏணியை நகர்த்தச் சோம்பல்பட்டு உடம்பை எட்டி நீட்டினால் எடை ஏணிக்கு வெளியே போய்விடும். இடுப்பு வாரின் கொக்கி ஏணியின் இரண்டு சட்டங்களுக்கு இடையே இருக்கும் வரைதான் பாதுகாப்பு என்று தொழில் தெரிந்தவர்கள் சொல்வது இதனால்தான். உச்சிப் படியில் நிற்பது, நடுப்பூட்டைப் போடாமல் ஏறுவது, மடக்கிய நிலையில் சுவரில் சாய்ப்பது ஆகிய மூன்றும் இந்த ஏணிக்கு ஆகாதவை.

தாமான்களில் இன்னோர் ஆபத்து தலைக்கு மேலே தொங்குகிறது. வீட்டு வரிசைகளின் முன்னும் பின்னும் மின்கம்பிகள் போகின்றன. அலுமினிய ஏணி மின்சாரத்தை அப்படியே கடத்தும். நீட்டிய ஏணியை நிமிர்த்தி நடந்து செல்லும்போதுதான் கம்பியில் படும் வாய்ப்பு அதிகம். மின்சாரம் சார்ந்த வேலைக்குக் கண்ணாடியிழை ஏணியே ஏற்றது. விலை கூடுதல்தான், ஆனாலும் அந்தத் தொழிலில் இருப்பவருக்கு அது ஆடம்பரமல்ல.

இவை எல்லாவற்றுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த வேலைக்கு ஏணிதான் தேவையா? பிரிட்டனின் பாதுகாப்பு ஆணையம் இதற்கு எளிய அளவு ஒன்றைத் தருகிறது. ஒரே மூச்சில் 30 நிமிடத்துக்கு மேல் ஏணியில் நிற்க வேண்டும் என்றால், அல்லது 10 கிலோவுக்கு மேல் சுமையோடு ஏற வேண்டும் என்றால், வேறு கருவியைப் பார்க்கச் சொல்கிறது. 20 லிட்டர் சாய வாளி அந்த 10 கிலோவை எளிதாகத் தாண்டும். ஒரு வீட்டின் முன்சுவருக்கு முழுதாகச் சாயம் பூச 30 நிமிடம் போதாது. நம் ஊரில் ஏணியில் நடக்கும் பல வேலைகள், உண்மையில் சாரத்தில் நடக்க வேண்டியவை.

பணம் யார் கொடுப்பது?

இங்கேதான் சிக்கல். சாரம் வாடகைக்கு எடுத்தால் ஏற்றி இறக்கும் செலவு, கட்டி அவிழ்க்கும் நேரம் எல்லாம் சேரும். அந்தச் செலவை விலைப்பட்டியலில் எழுதும் குத்தகையாளர் வேலையை இழக்கிறார். எழுதாதவர் வேலையைப் பெறுகிறார். வீட்டுக்காரரும் கடைக்காரரும் மூன்று பேரிடம் விலை கேட்டு, ஆகக் குறைவாகச் சொன்னவருக்குக் கொடுக்கிறார்கள். அந்தக் குறைந்த விலையில் விடுபட்டுப் போனது சாரமா, இரண்டாவது ஆளின் கூலியா, காப்புறுதிச் சந்தாவா என்று யாரும் பார்ப்பதில்லை.

பெரிய தளங்களில் நிலைமை ஓரளவு மேல். அங்கே கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தின் அட்டை இல்லாமல் உள்ளே போக முடியாது. அந்த அட்டையைப் பெறப் பாதுகாப்பு அறிமுகப் பயிற்சிக்கு உட்கார்ந்திருக்க வேண்டும். தாமானில் நடக்கும் வேலைக்கு வாசலில் நின்று அட்டையைக் கேட்பவர் இல்லை. நான்கு பேரை வைத்து வேலை செய்யும் குத்தகையாளருக்கு ஒருங்கிணைப்பாளர் விதியும் பொருந்தாது. ஆனால் ஆபத்தை மதிப்பிடும் கடமையும் ஆட்களைப் பாதுகாக்கும் கடமையும் அவருக்கும் முழுமையாக உண்டு. "நாங்க சின்ன ஆளுங்க" என்பது சட்டத்தின் முன் எடுபடும் பதில் அல்ல.

விழுந்த பிறகு

ஒருவர் விழுந்துவிட்டால் முதலில் செய்யக் கூடாதது, அவரைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பது. முதுகெலும்பிலோ கழுத்திலோ அடிபட்டிருந்தால், அசைப்பதே நிரந்தர முடக்கத்தை உண்டாக்கலாம். 999-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும் வரை அவரை அசையவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து குடும்பத்தின் கதை. பெர்கேசோ எனும் சொக்சோவில் பதிவு பெற்ற தொழிலாளியாக இருந்தால், 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. விபத்து நடந்த நாளையும் சேர்த்துக் குறைந்தது நான்கு நாட்கள் மருத்துவ விடுப்பு இருந்தால், சராசரி நாட்சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக ஊனமுற்றோர் உதவியாகக் கிடைக்கும். 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் வாங்குபவருக்கு அது நாளொன்றுக்கு ஏறக்குறைய 45 ரிங்கிட். நிரந்தர ஊனத்துக்குத் தனி உதவி உண்டு. மரணம் நேர்ந்தால் நாட்சம்பளத்தில் 90 விழுக்காடு அளவில் சார்ந்தோர் உதவி கணக்கிடப்படும். மலாக்காவில் பெர்கேசோவின் மறுவாழ்வு மையம் இருக்கிறது. மீண்டும் வேலைக்குத் திரும்ப உதவும் திட்டமும் 2007 முதல் நடக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் அந்நியத் தொழிலாளர்களுக்கும் வேலையிட விபத்துப் பாதுகாப்பு இந்தச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது.

விபத்தை 48 மணி நேரத்துக்குள் பெர்கேசோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. கடுமையான விபத்தை வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்கும் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் பல சிறு குத்தகையாளர்கள் ஆட்களைப் பதிவு செய்வதே இல்லை. விபத்து நடந்ததும், "வீட்டில் விழுந்ததாகச் சொல்லு, ஆஸ்பத்திரி செலவை நான் பார்த்துக்கிறேன்" என்ற பேரம் தொடங்குகிறது. அந்தப் பேரத்துக்குத் தலையாட்டும் குடும்பம், ஆயுள் முழுவதும் கிடைக்க வேண்டிய ஓய்வூதியத்தை இரண்டு மாதச் செலவுக்கு விற்றுவிடுகிறது. பதிவு செய்யாதது முதலாளியின் குற்றம், தொழிலாளியின் குற்றமல்ல. மருத்துவரிடம் விபத்து எங்கே, எப்படி நடந்தது என்பதை உள்ளபடி சொல்லுங்கள். பதிவு இல்லை என்றாலும் பெர்கேசோ அலுவலகத்துக்கு நேரில் சென்று கேளுங்கள்.

தனி ஆளாகத் தொழில் செய்பவருக்கும் வழி இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதலில் டாக்சி ஓட்டுநர்களுக்காக வந்தது. 2020 முதல் கட்டுமானம் உட்படப் பல துறைகளுக்கு விரிவாக்கப்பட்டது. அதில் ஆகக் குறைந்த திட்டங்களின் ஆண்டுச் சந்தா 300 ரிங்கிட்டுக்கும் குறைவு. ஒரு நல்ல ஏணியின் விலையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆலயமும் தமிழ்ப்பள்ளியும் கேட்கத் தொடங்கட்டும்

கேட்கும் ஆள் யார் என்ற கேள்விக்கு நம் சமூகத்திலேயே ஒரு விடை இருக்கிறது. ஜொகூரில் சிறு குத்தகையாளர்களுக்குத் தொடர்ந்து வேலை கொடுப்பவர்களில் ஆலய நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் உண்டு. கும்பாபிஷேகத்துக்கு முன் சாயம், தைப்பூசத்துக்குப் பந்தல், தீபாவளிக்கு மின்விளக்கு, வடகிழக்குப் பருவமழைக்கு முன் கூரைப் பழுது என்று ஆண்டு முழுவதும் ஏணி வேலை நடக்கிறது. 2023 மார்ச்சில் சிகாமட், குளுவாங், பத்து பகாட் வட்டாரங்கள் வெள்ளத்தில் மூழ்கியது நினைவிருக்கும். அதுபோன்ற பேரிடருக்குப் பிறகு பழுது பார்க்கும் அவசரத்தில் ஏணிகள் இன்னும் அதிகமாக எடுக்கப்படுகின்றன.

இந்த அமைப்புகள் விலை கேட்கும்போதே மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்கலாம். உங்கள் ஆட்களுக்கு அல்லது உங்களுக்கு பெர்கேசோ சந்தா ரசீது இருக்கிறதா? இந்த உயரத்துக்குச் சாரமா, ஏணியா? ஏணி என்றால் கீழே பிடிக்க ஆள் யார்? இந்த மூன்றும் விலைப்பட்டியலில் தனி வரியாக எழுதப்பட்டால், சாரச் செலவை எழுதும் நேர்மையான குத்தகையாளர் தோற்க மாட்டார். எல்லோரும் ஒரே கணக்கில் போட்டி போடுவார்கள்.

கூட்டுப்பணி எனும் கோத்தோங் ரோயோங் நாட்களிலும் இதே கவனம் வேண்டும். ஞாயிறு காலையில் பெற்றோரும் இளைஞர்களும் மனமுவந்து வருகிறார்கள். அவர்களில் பலர் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள். ஏணியில் ஏறிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். தொண்டூழியருக்குச் சம்பளம் இல்லாததால் பெர்கேசோவும் இல்லை. அவர்களுக்குத் தரைமட்ட வேலைகளைக் கொடுத்துவிட்டு, உயரத்து வேலையைத் தொழில் தெரிந்தவரிடம் விடுவதே முறை. ஐம்பது பேர் கூடிய இடத்தில், உயரத்து வேலைக்காக ஒருவருக்குக் கூலி கொடுப்பது தொண்டுக்கு இழுக்கல்ல.

அரசாங்கத்துக்கும் பங்கு இருக்கிறது. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் அதிகாரிகள் ஒவ்வொரு தாமானுக்கும் வந்து ஏணி பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. ஆனால் ஒருங்கிணைப்பாளர் பயிற்சியைத் தமிழிலும் நடத்தலாம். ஏணி விற்கும் இரும்புக் கடைகளில் சாய்வு விதியும் 26ஏ உரிமையும் அச்சிட்ட ஒரு பக்கத் தாளை மலாய், சீனம், தமிழ், வங்காளம், நேப்பாளி மொழிகளில் கொடுக்கச் செய்யலாம். கடைவீட்டுப் புதுப்பிப்புக்கு அனுமதி தரும் ஊராட்சி மன்றங்கள், விண்ணப்பத்தோடு பெர்கேசோ பதிவுச் சான்றையும் கேட்கலாம். இதற்கெல்லாம் புதிய சட்டம் தேவையில்லை.

அபராதம் பத்து மடங்கு கூடியது நல்ல மாற்றம்தான். ஆனால் அபராதம் விபத்துக்குப் பிறகு வருவது. ஏணியில் ஏறுகிறவருக்கு வேண்டியது அதற்கு முந்தைய பத்து நிமிடம்: ஏணியைச் சோதிக்க, சாய்வை அளக்க, தலையைக் கட்ட, கீழே ஓர் ஆளை நிறுத்த. அந்தப் பத்து நிமிடத்துக்கும் அந்த இரண்டாவது ஆளுக்கும் வேலை கொடுப்பவர் காசு கொடுக்கச் சம்மதித்தால், 2024 ஜூன் 1-இல் புத்ராஜெயா கொண்டு வந்த சட்டம் மாசாயிலும் கூலாயிலும் நம் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். அடுத்த முறை சாயக்காரரிடமோ ஏர்கோன்காரரிடமோ விலை கேட்கும்போது, "எத்தனை நாளில் முடிப்பீங்க?" என்பதோடு, "கூட யாரைக் கூட்டிக்கிட்டு வர்றீங்க?" என்றும் கேளுங்கள்.